அரை மில்லிமீட்டர் குறைந்த பம்பரம்

அவைக்குத் தலைமை தாங்கி அமர்ந்திருக்கும் பல் மருத்துவர் ஐயா அவர்களே! மாதந்தோறும் நம் சங்கத்தின் செய்தித் தாளை மை மணக்க அச்சிட்டு அனுப்பும் அச்சகத்துக்காரரே, எங்கள் செயலாளரே! இரண்டு ஆண்டுகளாகக் கோப்பையைக் கைவிடாத வங்கி எழுத்தரே, அவை முழுவதும் அன்போடு ‘புயல்’ என்று அழைக்கும் வீரரே! முன்வரிசையில் மூட்டு வலியை மறைத்து முதுகு நிமிர்ந்து அமர்ந்திருக்கும் மூத்தோர்களே! பிள்ளைகளின் பைகளையும் கணவன்மாரின் பம்பரப் பெட்டிகளையும் ஒரே மடியில் சுமந்திருக்கும் தாய்மார்களே! பின்வரிசையில் இப்போதே கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்ட நண்பர்களே! உங்கள் அனைவருக்கும் என் நடுங்கும் வணக்கம்.

நடுக்கத்தை அடக்கம் என்று எண்ணிவிடாதீர்கள். அச்சம்தான். பதினான்கு அட்டைகளில் குறிப்பு எழுதி, எண் போட்டு, அடுக்கி எடுத்து வந்திருக்கிறேன். மேடை ஏறும்போது ஏழாம் அட்டை எங்கோ விழுந்துவிட்டது. யார் காலடியிலாவது கிடந்தால்... நன்றி அம்மா. மிதித்ததற்கு வருந்த வேண்டாம், எழுத்து தெரிகிறது.

எனக்குத் தரப்பட்ட தலைப்பு: ‘வாங்க வேண்டியது இறக்குமதிப் பம்பரமா, உள்நாட்டுப் பம்பரமா?’ நான் பேசி அமர்ந்ததும் ஒரு தீர்மானம் வாக்குக்கு வரும். அடுத்த ஆண்டு முதல் நம் போட்டிகளில் இறக்குமதிப் பம்பரம் மட்டுமே சுழலலாம் என்கிறது அது. காரணம் என்ன? உள்நாட்டுப் பம்பரம் வைத்திருப்பவர்கள் முனையைத் தேய்த்து ஏமாற்றுகிறார்கள் என்பது காரணம். ஆதாரம் என்ன? என் அளவுகள். ஆகவே நான் ஆதரித்துப் பேசுவேன் என்று நம்பி அழைத்திருக்கிறீர்கள். அந்த நம்பிக்கைக்கு நான் தகுதியில்லாதவன் என்பதைத்தான் சொல்ல வந்திருக்கிறேன்.

“சத்தமா” என்று அங்கே ஒரு குரல். சத்தமாகவே சொல்கிறேன். தகுதியில்லாதவன்.

புதிதாக வந்திருப்போருக்காக ஒரு சொல். நம் பம்பரம் சாட்டை சுற்றி மண்ணில் விடும் பம்பரம் அல்ல. உலோக வளையம், நடுவே பூட்டு, அடியில் முனை என மூன்று துண்டாய்ப் பிரித்துக் கோர்ப்பது. லாஞ்சர் எனும் கைப்பிடியில் மாட்டி நாடாவை இழுத்தால், குழிந்த தட்டுக்குள் இரண்டு பம்பரங்கள் இறங்கி ஒன்றையொன்று மோதும். கடைசிவரை சுழல்வது வென்றது. பெரியவர்களுக்கு இது எதற்கு என்று கேட்கலாம். என் மருமகள் பதினொரு ஆண்டாய்க் கேட்கிறாள். இன்னும் விடை தேடிக்கொண்டிருக்கிறேன்.

ஒரே பெயர், ஒரே வண்ணம், ஒரே வடிவம். ஆனால் ஒவ்வொரு பம்பரமும் இரண்டு பிறவி எடுக்கிறது. ஒன்று கடல் கடந்து வருகிறது. ஆறு வாரம் காத்திருக்க வேண்டும், மும்மடங்கு விலை, கெட்டி அட்டைப் பெட்டி, படிக்கத் தெரியாத எழுத்து. மற்றொன்று இங்கேயே உரிமம் பெற்று வார்க்கப்படுகிறது. அது அங்காடியில் சோப்புக் கட்டிகளுக்கு அடுத்த கொக்கியில் தொங்குகிறது. எதற்கு மதிப்பு? காத்திருந்து வாங்கியதற்கா, கைநீட்டி எடுத்ததற்கா? கண்ணாடி அலமாரியில் நாம் எதை வைத்தோம்? கால்சட்டைப் பையில் எதைப் போட்டோம்? நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள், அக்கரைப் பச்சையில் ஆசைப்படாதவர் இந்த அவையில் யார்?

நானும்தான் ஆசைப்பட்டேன். முப்பத்தொரு ஆண்டுகள் எடை அளவுத் துறையில் கடைக்காரர்களின் எடைக்கற்களைச் சோதித்து முத்திரை குத்தியவன் நான். பணி முடிந்த மறுமாதம் ‘நீலப் பருந்து’ என்ற இறக்குமதிப் பம்பரத்தை வரவழைத்தேன். பெட்டி வந்த அன்று அதன் அந்நிய எழுத்துகளைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ஒரு சொல்லும் புரியவில்லை. ஆனாலும் பெருமையாக இருந்தது. அந்தப் பம்பரத்தின் முனை உயரத்தை எடுத்து, ஒரு பித்தளைத் தகட்டில் கோடு கீறி, “இதுதான் அளவு” என்று சங்கத்திடம் ஒப்படைத்தேன். போட்டியில் வெல்லும் நீலப் பருந்தை அந்தத் தகட்டில் நிறுத்துவோம். முனை கோட்டைத் தொட வேண்டும். தொடாவிட்டால் யாரோ தேய்த்துக் குறைத்திருக்கிறார்கள். ஏன் தேய்ப்பார்கள்? தாழ்ந்து சுழலும் பம்பரத்தைத் தள்ளுவது கடினம். அதனால்தான் தேய்ப்பது குற்றம்.

கோடு சரியா என்று எத்தனை முறை சோதித்தேன்? நூறு முறை. எதை வைத்துச் சோதித்தேன்? அதே இறக்குமதிப் பம்பரத்தை வைத்து.

இரண்டு ஆண்டுக்கு முந்தைய இறுதிச் சுற்று உங்களில் பலருக்கு நினைவிருக்கும். ஒரு பக்கம் புயல். மறுபக்கம் ஒரு பெண். பேருந்து நடத்துநர். பணி முடித்து, பயணச்சீட்டுப் பையைத் தோளில் இருந்து இறக்காமலே வந்து நிற்பார். அவர் கையில் உள்நாட்டு நீலப் பருந்து. நாடா இழுக்கிற அந்தக் கை நாளெல்லாம் கம்பியைப் பிடித்துக் கூட்டத்துக்குள் நின்று பழகிய கை. மூன்று ஆட்டம். மூன்றிலும் புயல் தட்டின் கரை கடந்து வெளியே விழுந்தது... சிரிக்கிறீர்கள். அன்றும் இப்படித்தான் சிரித்தீர்கள், கைதட்டினீர்கள், வென்ற அந்தப் பெண்ணைத் தோளில் தூக்காத குறை. பிறகு நான் தகட்டை எடுத்தேன்.

அரை மில்லிமீட்டர் குறைந்தது.

“சார், இன்னொரு தடவ வச்சுப் பாருங்க” என்றார்.

“மூணு தடவ வச்சாச்சும்மா.”

“நான் தொடவே இல்ல சார். கடையில வாங்கினேன், பிரிச்சேன், விட்டேன். அவ்ளோதான்.”

அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கு இரக்கம் வந்தது. இரக்கத்தில் ஒரு வாக்கியம் சொன்னேன். அவையோரே, என் வாழ்நாளில் நான் சொன்ன வாக்கியங்களிலேயே கொடியது அதுதான்.

“நீ தொடலன்னா, வீட்ல வேற யாராவது தொட்டிருப்பாங்கம்மா” என்றேன்.

அவ்வளவுதான். கோப்பை கை மாறியது. குறிப்பேட்டில் ‘முனை தேய்க்கப்பட்டது’ என்று என் கையால் எழுதிக் கையொப்பமிட்டேன். அவருக்கு ‘உப்புத்தாள்’ என்று பெயர் வைத்தீர்கள். யார் வைத்தது என்று கேட்கவில்லை. ஆனால் நம் உறுப்பினர் ஒருவர் அவருடைய பேருந்திலேயே ஏறி, “ஒரு டிக்கெட் குடு உப்புத்தாள்” என்று கேட்டதையும், பேருந்தே திரும்பிப் பார்த்ததையும் நான் அறிவேன். அவர் பயணச்சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். மீதியும் சரியாகக் கொடுத்தார். அதன்பிறகு இந்த மண்டபத்துக்கு வரவில்லை.

அவருக்குப் பிறகு மாதப் போட்டிகளில் வேறு நான்கு பேர் உள்நாட்டு நீலப் பருந்தோடு வென்றார்கள். நான்கும் கோட்டைத் தொடவில்லை. நான் என்ன நினைத்திருக்க வேண்டும்? ஐந்து பேர், ஐந்து வீடு, ஒருவரையொருவர் அறியாதவர்கள், ஐவரும் மிகச்சரியாக அரை மில்லிமீட்டர் எப்படித் தேய்ப்பார்கள் என்று கேட்டிருக்க வேண்டும். சந்தையில் ஐந்து கடைக்காரர்களின் படிக்கல் ஒரே அளவு குறைந்தால், முதலில் என் தராசைத்தான் சந்தேகிப்பேன். துறையில் சேர்ந்த முதல் வாரம் கற்ற பாடம் அது. இங்கே நான் என்ன நினைத்தேன்? உள்நாட்டுச் சரக்கு வைத்திருப்பவர்கள் எல்லோருமே இப்படித்தான் என்று நினைத்தேன். படித்தவன் நினைத்தேன். முத்திரை குத்தியவன் நினைத்தேன்.

சென்ற மாதத்துக்கு முந்தைய மாதம் சோப்பு வாங்கப் போனேன். அடுத்த கொக்கியில் நீலப் பருந்து தொங்கியது, உறை பிரியாமல். என்ன தோன்றியதோ, மூன்று வாங்கினேன். வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேசையில் பிரித்து, ஒவ்வொன்றாய்த் தகட்டில் நிறுத்தினேன்.

மூன்றும் குறைந்தன. அரை மில்லிமீட்டர்.

வேறு இரண்டு கடைகளுக்குப் போய் மேலும் எட்டு வாங்கினேன். எட்டும் குறைந்தன. பதினொரு உறைகளும் மேசையில் கவிழ்ந்து கிடந்தன. அப்போதுதான் உறையின் பின்புறம் கண்ணில் பட்டது. பொடி எழுத்து. நம் எழுத்து. ‘சிறுவர் பாதுகாப்பு விதிப்படி முனை மழுக்கப்பட்டது.’

ஆலையிலேயே மழுக்கியிருக்கிறார்கள். யாரும் தேய்க்கவில்லை. அவர் தேய்க்கவில்லை. புரியாத எழுத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தவன், புரிகிற எழுத்தைப் புரட்டியும் பார்க்கவில்லை. இதைவிடப் பெரிய தண்டனை வேண்டுமா எனக்கு? இருக்கிறது. கேளுங்கள்.

பதினொரு பம்பரங்களையும் துணிப்பையில் போட்டுக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். மூன்றாம் மாடி. இரண்டு அறை. வாசலில் ஒரே ஒரு சோடிச் செருப்பு. நான்கு முறை கதவைத் தட்டக் கை தூக்கி இறக்கினேன். ஐந்தாம் முறை அவரே திறந்தார், குப்பைக் கூடையோடு.

“வாங்க சார். அந்த நாற்காலி வேணாம், கால் ஆடும். இதுல உக்காருங்க” என்றார்.

மேசையில் பம்பரங்களை வரிசையாக நிறுத்தினேன். தகட்டை வைத்தேன். விளக்கினேன். மகிழ்வார் என்று நினைத்தேன். இல்லையென்றால் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். இரண்டுக்கும் ஆயத்தமாகப் போயிருந்தேன். அவர் கேட்டது ஒன்றுதான்.

“அப்ப அவன் தேய்க்கலையா?”

“யாரும்மா?”

“அவன் தேய்க்கலையா சார்?”

அவருக்கு ஒரு தம்பி. தாய் இறந்தபோது அவனுக்கு ஒன்பது வயது. அக்காள்தான் குளிப்பாட்டி, பள்ளிக்கு அனுப்பி, வேலைக்கும் சேர்த்துவிட்டார். வேலை எங்கே? லேத் பட்டறையில். அரமும் உப்புத்தாளும் அன்றாடம் புழங்குகிற கை. பம்பரப் பித்து அவனுக்கும் உண்டு. அக்காளுக்குக் கற்றுக்கொடுத்ததே அவன்தான். இருவரும் ஒரே அலமாரியில்தான் பம்பரங்களை வைத்திருந்தார்கள். நான் இரக்கத்தோடு சொன்னேனே, ‘வீட்டில் வேறு யாராவது’ என்று! அந்த வீட்டில் வேறு யார் இருந்தார்கள், அவையோரே?

அவர் சொன்னதை அவர் சொன்னபடியே சொல்கிறேன். மாற்ற எனக்கு உரிமையில்லை.

“அன்னைக்கு வீட்டுக்கு வந்ததும் வராததுமா கேட்டேன் சார். நீதானடா அரம் புடிக்கிறவன், அக்கா ஜெயிக்கணும்னு ஏதாவது பண்ணினியான்னு கேட்டேன். இல்லக்கான்னான். செத்துப்போன அம்மா மேல சத்தியம் பண்ணான். அளவு பாக்குற பெரியவரு மூணு தடவ வச்சுப் பாத்தாருடா, அவரு பொய் சொல்வாரான்னு கேட்டேன். அப்ப நான் பொய் சொல்றேனாக்கான்னான்.”

ஒரு பம்பரத்தை எடுத்து முனையை விரலால் தடவினார். நான் பம்பரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“ஆமான்னேன் சார்.”

மறுநாள் காலை அவன் பையை எடுத்துக்கொண்டு போனான். எந்த ஊருக்கு என்று சொல்லவில்லை. தொலைபேசி எண்ணை மாற்றிவிட்டான். பட்டறையிலும் சொல்லிக்கொள்ளவில்லை. இரண்டு ஆண்டுகள்.

“எம்மேல கோவமா இருந்தா திட்டிடும்மா” என்றேன்.

“உங்க மேல கோவப்படலாம்னுதான் பாக்கறேன் சார், வர மாட்டேங்குது. உங்க தகடு அவன் தேய்ச்சான்னு சொல்லல. ஆமான்னு சொன்னது என் வாய்.”

தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். குடித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்றார். குடித்தேன்.

மணி அடிக்கிறீர்கள், தலைவர் ஐயா. தெரிகிறது. இன்னும் ஐந்து அட்டைகள். வேகமாகப் படிக்கிறேன்.

அவருக்கு வேண்டியது கோப்பை அல்ல. அதை அவர் கேட்கவே இல்லை. புயல் தம்பி, எழுந்து நிற்கிறீர்கள்... என்ன? “கப்ப திருப்பிக் குடுக்கணுமா?” வேண்டாம் தம்பி, உட்காருங்கள். உங்கள் வீட்டுக் காட்சி அலமாரி பத்திரமாக இருக்கட்டும்.

வேண்டியது அவர் தம்பிக்கு அனுப்ப ஒரே ஒரு தாள். ‘அந்தப் பம்பரம் தேய்க்கப்படவில்லை. தவறு சங்கத்தின் அளவில்’ என்று முத்திரையோடு ஒரு தீர்மானம். செயற்குழுவிடம் மூன்று முறை எழுதிக் கேட்டேன். என்ன விடை வந்தது? “பெரியவரே, ரெண்டு வருஷம் ஓடிப்போச்சு. தலைக்கு மேல வெள்ளம் போனப்புறம் சாண் என்ன, முழம் என்ன? ஒண்ணை ஒத்துக்கிட்டா அஞ்சையும் ஒத்துக்கணும். அப்புறம் இறக்குமதித் தீர்மானம் என்னாவுறது?” என்றார்கள். அன்பாகத்தான் சொன்னார்கள். தோளில் கை போட்டுத்தான் சொன்னார்கள்.

ஆகவே அவையையே கேட்கிறேன். இறக்குமதியா, உள்நாடா என்று கேட்டீர்களே! இதோ என் விடை. கடல் கடந்து வந்தது கூர்மையானது, வாங்குங்கள். இங்கே வார்த்தது மழுங்கியது, அதையும் வாங்குங்கள். இரண்டும் நன்றாகவே சுழல்கின்றன. ஒன்றின் உயரத்தை எடுத்து மற்றொன்றுக்குக் குற்றப்பத்திரிகை எழுதாதீர்கள். ஒரு பெட்டியின் பளபளப்பை நம்பி ஒரு பெண்ணின் சொல்லைத் தள்ளாதீர்கள். தள்ளினோமே! நூற்று நாற்பது பேர் தள்ளினோமே! ஒருவராவது, ஒரே ஒருவராவது, “உறையின் பின்னால் என்ன எழுதியிருக்கிறது?” என்று கேட்டோமா?

அந்தத் தாளைத் தரச் சம்மதிப்போர் கை தூக்குங்கள். நானே எண்ணுகிறேன், எண்ணுவதிலாவது பிழை வராது என்று நம்புகிறேன். ஒன்று. இரண்டு. அம்மா, நீங்கள் தூக்கினீர்களா, பிள்ளையின் தொப்பியைச் சரிசெய்தீர்களா? தொப்பிதானா? சரி. மூன்று... அது கொட்டாவிக்குப் போன கை.

இரண்டு.

நிகழ்ச்சி நிரலில் இல்லாத தீர்மானம் செல்லாது என்று தலைவர் சொல்கிறார். அதுவும் சரிதான். விதி விதிதான். இரண்டு கை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? அவர்கள் இருவருக்கும் என் வணக்கம். அவர்களில் ஒருவர் கையைப் பாதியில் இறக்கிவிட்டார், அவருக்கும்.

எனக்கு நம்பிக்கை இல்லை. பையோடு போன அந்த இளைஞனுக்கு நான் எழுதிய இரண்டு கடிதங்களும் ‘பெறுநர் மறுத்தார்’ என்று திரும்பி வந்தன. அக்காள் எழுதிய ஒன்பதும் அப்படியே. முகவரி என்று இருப்பது ஒரு தபால் பெட்டி எண் மட்டும். அந்த எண் எப்படிக் கிடைத்தது? நம் சங்கத்தின் மாதத் தாளுக்குக் கட்டிய சந்தாவை அவன் நிறுத்தவில்லை. வீட்டை விட்டுப் போன மூன்றாம் மாதம், தாளை மட்டும் இந்தப் பெட்டி எண்ணுக்கு அனுப்பும்படி செயலாளருக்கு ஓர் அஞ்சலட்டை போட்டிருக்கிறான். அது மட்டும் இன்றுவரை திரும்பி வரவில்லை. தம்பி உயிரோடு இருக்கிறான் என்பதற்கு அந்த அக்காளிடம் உள்ள ஒரே சான்று அதுதான். மாதம் முதல் வாரம் அச்சகத்துக்குத் தொலைபேசியில் கேட்பார்: “தாள் திரும்பி வந்துச்சாங்க?” இல்லை என்றால், “சரிங்க” என்று வைத்துவிடுவார்.

நம் விதிகளில் இன்னொரு விதி இருக்கிறது, தலைவர் ஐயா. பன்னிரண்டாம் விதி. ஆண்டுக் கூட்டத்தின் மேடையில் பேசியது எதுவானாலும் ஒரு சொல்லும் வெட்டாமல் அடுத்த தாளில் வெளியிட வேண்டும். செயலாளர் எழுதுவதை நிறுத்திவிட்டு உங்களைப் பார்க்கிறார். எழுதுங்கள், அச்சகத்துக்காரரே. விதி விதிதான்.

பொறுமையோடு கேட்டவர்களுக்கு நன்றி. பொறுமையிழந்து எழுந்து போனவர்களும் கதவை ஓசையின்றிச் சாத்திவிட்டுப் போனீர்கள், அதற்கும் நன்றி. தலைவருக்கும் தாய்மார்களுக்கும் வணக்கம். இனி அரை நிமிடம், இந்த அவையில் இல்லாத ஒருவரோடு பேச எனக்கு அனுமதி தாருங்கள்.

தம்பி, உன்னை நான் ஒருமுறைகூட நேரில் பார்த்ததில்லை. நீ தேய்க்கவில்லை. நீ சொன்னது உண்மை, நான் சொன்னது பொய். உன் அக்காள் என்னை நம்பினார். அதுதான் அவர் செய்த பிழை. நீ இந்தத் தாளைப் பிரிக்காமலே பழைய தாள்களோடு சேர்த்துக் கட்டிவைக்கலாம். பிரித்தாலும் போட்டி முடிவுகளை மட்டும் பார்த்துவிட்டு மடித்துவிடலாம். இவ்வளவு தூரம் படிப்பாய் என்று எண்ண எனக்குத் துணிவில்லை. ஒருவேளை படித்துவிட்டால், எனக்குப் பதில் எழுத வேண்டாம். உன் அக்காளுக்குச் செவ்வாய்க்கிழமை வண்டி கிடையாது. அன்று பகல் முழுவதும் வீட்டில்தான் இருப்பார்.

வணக்கம்.